ரமணி எடுத்த குலை

கோலசிலாங்கூர்
5.3.1985, செவ்வாய்

அன்புள்ள திலகம்,

ரமணி நேற்றுக் காலை, தரையில் நட்டிருந்த மரக்கட்டை ஒன்றைப் பிடித்துக்கொண்டு தானாக எழுந்து நின்றாள். இதை எனக்குச் சொன்னவர் உன் நாத்தனார் நவமணி. நேற்று மாலை சந்தையில் பார்த்தபோது சொன்னார். நான் கண்ணால் பார்க்கவில்லை. ஆகையால் உன் மகள் நின்றாள் என்று நான் எழுதவில்லை, நின்றதாக நவமணி சொன்னார் என்று மட்டும் எழுதுகிறேன். இருபது வருடமாகப் பத்திரிகைக்குச் செய்தி அனுப்புகிறவனிடம் நீ கேட்டதும் அதைத்தானே?

பொங்கல் விளையாட்டில் நடந்ததைப் பற்றித் தோட்டத்தில் சிலரிடம் விசாரித்தேன். எல்லாரும் ஒன்றுபோலவே சொல்கிறார்கள். சின்னப் பிள்ளைகளின் மிட்டாய் ஓட்டத்தில் ரமணியைக் கோட்டில் உட்கார வைத்தார்கள். விசில் ஊதியதும் மற்றவர்கள் ஓடினார்கள், அவள் உட்கார்ந்தே இருந்தாள். தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி வந்து அவளைத் தூக்கிக்கொண்டு ஓடி, எல்லையைத் தாண்டி, முதல் பரிசு என்று ஒரு தட்டைக் கையில் கொடுத்தார். சனம் கை தட்டியது. நீ எழுந்து போய் அந்தத் தட்டை, பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் நவமணியின் காலடியில் போட்டாய். "எம் புள்ளய வேடிக்கப் பொருளாக்கிட்டீங்க, இனி இந்தத் தோட்டத்துல கால் வைக்க மாட்டேன்" என்றாய். ஒரே ஒரு விஷயத்தில்தான் கருத்து வேறுபாடு. கிராணியைத் தடுக்கத் தாமும் எழுந்ததாக நவமணி சொல்கிறார். அதைப் பார்த்த சாட்சி யாரும் கிடைக்கவில்லை.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் ரவாங்கில் மாறி மாறி ஷிப்டு. அதனால் ரமணி இன்னமும் நவமணியிடம்தான் இருக்கிறாள். பகலில், தாய்மார்கள் வேலைக்குப் போகையில் பிள்ளைகளை விட்டுச்செல்லும் ஆயாக் கொட்டகையில் அவர் பார்த்துக்கொள்கிறார். பிப்ரவரியில் அங்கே வந்த அரசாங்க நர்ஸ், ஒரு மிஸ்ஸி, "வளர்ச்சி மெதுவாக உள்ள பிள்ளைகளைத் தனியாகக் கிடத்தாதீர்கள். பிள்ளையை ஆட்டத்திலிருந்து எடுக்காதீர்கள், ஆட்டத்தை மாற்றுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனாராம். அதிலிருந்து தினமும் காலையில் எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து விளையாடுகிறார்கள் என்கிறார் நவமணி.

அடுத்த வாரம் நேரில் போய்ப் பார்க்கிறேன்.

அண்ணன்,
சேது

ரவாங்
9.3.1985

அன்புள்ள அண்ணனுக்கு,

நின்றாள் என்கிறீர்கள். யார் பிடித்திருந்தார்கள்? பொங்கலன்று சாயங்காலம்கூட லயத்து வீடுகளில், "ரமணி மொதப் பரிசு வாங்கிட்டா" என்று பேசிக்கொண்டார்கள். அதுவும் ஒரு செய்திதானே அண்ணே.

கோபித்துக்கொள்ளாதீர்கள். எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் பூதக்கண்ணாடி வழியாகச் சின்னச் சின்னக் கம்பிகளைப் பார்த்துப் பார்த்து எனக்கு எல்லாமே ஒட்டுப்போட்டதாகத் தெரிகிறது.

உங்கள் மாப்பிள்ளை ஈப்போவில் ஓர் இல்லத்தில் இடம் பார்த்துவிட்டார். சுத்தமான இடம், பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறார்கள். மார்ச் மாத முடிவுக்குள் பதில் எழுதினால் சேர்த்துக்கொள்வார்கள். அவரைக் கெட்ட அப்பா என்று நினைக்காதீர்கள். "நமக்கப்புறம் இவளுக்கு யாரு?" என்று கேட்டுக் கேட்டுத்தான் அந்த இடத்தைத் தேடினார். அவர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வருகிறார். அன்று கொட்டகை பூட்டியிருக்கும். பிள்ளை நவமணி அண்ணியின் மடியில் படுத்திருப்பாள். "அப்படியேதான் இருக்கா" என்று வந்து சொல்வார். நான் அடுப்படிக்குப் போய்விடுவேன்.

டாக்டர் என்ன சொன்னார் என்று உங்களுக்குத் தெரியும். வளர்ச்சி தாமதம், நான்கு வயதாகியும் பேச்சு இல்லை, நடை இல்லை, அவளுக்கு எவ்வளவு புரிகிறது என்று இப்போது சொல்ல முடியாது. சொந்தக்காரர்கள் அதைச் சுருக்கி, "அதுக்கு ஒண்ணும் புரியாது" என்று ஆக்கிவிட்டார்கள். என் பிள்ளையை 'அது' என்கிறார்கள்.

நீங்கள் போனால் எனக்காக ஒன்றை மட்டும் பாருங்கள். ரமணி பிள்ளைகளோடு விளையாடுகிறாளா? அல்லது விளையாடுகிற பிள்ளைகள் நடுவில் வைக்கப்பட்டிருக்கிறாளா? இந்த இரண்டில் எது என்று எழுதுங்கள். இரண்டாவதுதான் என்றால் ஈப்போவுக்கே போகட்டும். அங்கேயாவது யாரும் கை தட்ட மாட்டார்கள்.

திலகம்

கோலசிலாங்கூர்
14.3.1985, வியாழன்

அன்புள்ள திலகம்,

ரமணி நிற்கிறாள். இம்முறை சாட்சி நானே. நேற்றுக் காலை கொட்டகை வாசலில் உட்கார்ந்து பார்த்தேன். யாரும் பிடிக்கவில்லை.

பார்த்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

பால் குடித்து முடித்ததும் நவமணி ஒரு தகர டின்னைத் தட்டி, "பெரட்டு!" என்று கூப்பிட்டார். விடியற்காலையில் மண்டோர் வேலையாட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடும் அதே பெரட்டுதான். பிள்ளைகள் வரிசையில் வந்தார்கள். பேர் கூப்பிட்டதும் பேச்சு வருகிறவர்கள் "வந்தேன்" என்றார்கள். ரமணி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவள் பேர் வந்ததும் டின்னின்மேல் ஓங்கி ஓர் அடி அடித்தாள். அதுதான் அவளுடைய "வந்தேன்".

பிறகு ஜோடி பிரித்தார். செம்பனைக் காட்டில் ஒருவர் எண்ணெய்ப் பழக் குலையை வெட்டித் தள்ள, இன்னொருவர் அதைத் தூக்கி லோரி வரும் ரோட்டோரம் சேர்ப்பதை நீயும் பார்த்து வளர்ந்தவள். வெட்டியது எவ்வளவு இருந்தாலும் ரோட்டோரம் வந்து சேராத குலை கணக்கில் ஏறாது. கணக்கும் ஒருவர் பேரில் இல்லை, ஜோடியின் பேரில்தான். நவமணி அந்த வேலையையே ஆட்டமாக்கியிருக்கிறார். மரக்கட்டைகளை வரிசையாக நட்டிருக்கிறார். சாக்குத் துணியில் பஞ்சு அடைத்துத் தைத்த உருண்டைகள்தான் குலைகள். கட்டையின் உச்சியில் குலை இருக்கும். ஒரு பிள்ளை கழியால் அதைத் தட்டித் தள்ள வேண்டும். மற்றப் பிள்ளை எடுத்துக்கொண்டு ஓடிப் பாயில் சேர்க்க வேண்டும். குலை பாய்க்கு வந்தால் நவமணி அடுத்ததை உச்சியில் வைப்பார்.

ரமணி வெட்டுகிறவள். அவளுடைய ஜோடி லீலாவதி, ஐந்து வயது, காற்று மாதிரி ஓடுகிற பெண். உட்கார்ந்தபடி கழியை நீட்டினால் ரமணிக்குக் குலை எட்டாது. நேற்றும் எட்டவில்லை. அவள் கழியைக் கீழே வைத்துவிட்டு, கட்டையை இரண்டு கையாலும் பற்றி, முழங்காலை ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தாள். எழுந்தபின்தான், கழி தரையில் கிடப்பது அவளுக்குத் தெரிந்தது.

"ஐயோ, கத்தியக் கீழ வச்சிட்டு மரத்தப் புடிச்சிக்கிட்டு நிக்கிறா பாரு! கையால தள்ளுடி! லோரி வந்துரும் லா!" என்று லீலாவதி கத்தினாள்.

ரமணி ஒரு கையை விட்டாள். ஒரே கையில் ஆடியபடி நின்று, மற்றக் கையால் குலையைத் தள்ளினாள். விழுந்தது குலை. அதற்குப் பின்னாலேயே அவளும் பொத்தென்று உட்கார்ந்தாள். நான் கை தட்டப் போனேன். நவமணி என் கையைப் பிடித்து நிறுத்தினார். "பேப்பர்க்கார அண்ணே, இங்க யாரும் கை தட்டக் கூடாது. காட்டுல கொல வெட்டுனா யாராச்சும் கை தட்டுறாங்களா?"

இனி நீ கேட்காத ஒரு செய்தி. பக்கத்துக் கட்டையில் செல்லன் என்ற பையனும் சோமுவும் ஜோடி. சோமுவும் ரமணி மாதிரிதான். பேச்சு வரவில்லை, யார் முகத்தையும் பார்க்க மாட்டான். ஆனால் குலைகளைப் பாயில் நூல் பிடித்த மாதிரி அடுக்குவான். ஆட்டம் நடுவில் அவன் வரிசையின் பக்கத்தில் நின்று அலறினான். ஒரு குலை குறைந்திருக்கிறது. தேடினால், அது ரமணியின் பாவாடைக்கு அடியில் இருந்தது.

"ஆயா! ரமணி எங்க கொலயத் திருடிட்டா!" என்றான் செல்லன்.

"பாவம்டா, உருண்டு வந்திருக்கும். அவளுக்கு என்ன தெரியும்?" என்றார் நவமணி.

"தெரியும்! சிரிக்கிறா பாருங்க!" என்றாள் லீலாவதி.

நான் பார்த்தேன். ரமணி சிரித்தாள். ஆனால் அவள் எப்போதும் சிரிக்கிற பிள்ளை. குலை உருண்டு வந்ததா, எடுக்கப்பட்டதா என்பதை நான் பார்க்கவில்லை. அந்த நேரம் குனிந்து எழுதிக்கொண்டிருந்தேன்.

சேது

ரவாங்
18.3.1985

அண்ணே,

மற்றது எல்லாம் அப்புறம். திருடினாளா?

உங்கள் கடிதம் வந்தபோது இரவு ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். பஸ்ஸில் படித்தேன். நின்றாள் என்ற இடத்தில் அழுதேன். பக்கத்து இருக்கையில் இருந்த அம்சவள்ளி, "வீட்ல ஏதும் துக்கமா கா?" என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டிவிட்டு மேலே படித்தேன். 'பாவாடைக்கு அடியில்' என்ற இடத்துக்கு வந்தபோது அழுகை நின்றுவிட்டது.

யோசித்துப் பாருங்கள். ஒரு பொருள் அடுத்தவனுடையது என்று தெரிந்தால்தான் அதைத் திருட முடியும். மறைத்தால் தெரியாது என்று தெரிந்தால்தான் மறைக்க முடியும். ஒன்றும் புரியாத பிள்ளை எப்படித் திருடுவாள்?

இவரிடம் காட்டினேன். "கையில அகப்பட்டதப் புள்ள மடியில வச்சிருக்கும், இதுக்குப் போயி" என்றார். அண்ணி சொன்னதையே இவரும் சொல்கிறார். அக்காளும் தம்பியும் ஒரே குரல். ஆனால் அந்த லீலாவதி சொன்னாளே, தெரியும் என்று. அவள் ரமணியோடு தினமும் விளையாடுகிறவள். நாங்கள் யாரும் விளையாடியதில்லை.

இன்னொன்றும் மனதில் ஓடுகிறது. என் பிள்ளையை இதுவரை யாரும் திட்டியதில்லை அண்ணே. கொஞ்சுவார்கள், உச்சுக் கொட்டுவார்கள். திருடி என்று சொன்னதில்லை. ஒரு பையன் அவளைத் திருடி என்று சொன்னான் என்பதை நான் எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

மாத முடிவுக்கு இன்னும் இரண்டு வாரம்கூட இல்லை. மறுபடி போங்கள். இந்தத் தடவை எழுத வேண்டாம், பாருங்கள்.

திலகம்

கோலசிலாங்கூர்
23.3.1985, சனி

அன்புள்ள திலகம்,

ரமணி திருடினாள். தெரிந்தே திருடினாள். வியாழக்கிழமை காலை, என் கண்முன்னால்.

வாசலில் உட்கார்ந்தால் பிள்ளைகள் என்னைப் பார்ப்பார்கள். அதனால் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்றேன். நவமணியிடம் காரணம் சொல்லவில்லை. சொன்னால் அவர் ரமணியையே பார்த்துக்கொண்டிருப்பார், பார்க்கப்படுகிற பிள்ளை வேறு பிள்ளை.

அன்று ரமணி வரிசையின் ஓரத்தில், சோமு குலை அடுக்கும் பாயின் அருகில் இருந்தாள். தன் குலையைத் தட்டி முடித்தாள். லீலாவதி அதை எடுத்துக்கொண்டு ஓடினாள். ரமணி கழியை மெதுவாக சோமுவின் பாய்ப் பக்கம் நீட்டினாள். பிறகு நவமணியைப் பார்த்தாள். நவமணியும் இவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ரமணி கழியை இழுத்துக்கொண்டு, அதன் நுனியால் தன் காலைச் சொறிந்தாள். திலகம், அந்தக் காலில் ஒன்றும் இல்லை.

அடுப்பில் கஞ்சி பொங்கியது. நவமணி திரும்பினார். அவர் திரும்பும்வரை காத்திருந்த உன் மகள், கழியை நீட்டி, கடைசிக் குலையை வளைத்து, இழுத்து, பாவாடைக்குள் தள்ளி, பாவாடையை இரண்டு பக்கமும் இழுத்துவிட்டு, வானத்தைப் பார்த்தாள்.

நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன். வெள்ளத்தில் கூரைமேல் நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆற்றின் அக்கரையில், பாசிர் பெனம்பாங்கில், கடலுக்குப் போனவர்கள் திரும்பி வராத காலையில் கரையில் நின்றிருக்கிறேன். ஆனால் மூச்சுவிட மறந்து நின்றது அந்தத் தொட்டிக்குப் பின்னால்தான். நான்கு வயதுப் பிள்ளை, இன்னொருவர் கண்ணில் தான் எப்படித் தெரிகிறோம் என்று யோசித்து, அதற்கு ஏற்ப நடித்ததைப் பார்த்தேன். ஒன்றும் புரியாது என்று நாம் சொன்ன பிள்ளை இவள். அவள் எங்கேயோ உள்ளே இருந்துகொண்டு நம் எல்லாரையும் பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறாள்.

சோமு அலறினான். செல்லன் ஓடிவந்தான். நவமணி வழக்கம்போல "உருண்டு வந்திருக்கும்" என்று ஆரம்பித்தார். நான் வெளியே வந்து பார்த்ததைச் சொன்னேன்.

நவமணி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். "நான் திரும்புற வரைக்கும் பாத்துக்கிட்டு இருந்தாளா? என்னயவா ஏமாத்துனா?" என்று கேட்டார். ரமணியின் தாடையைப் பிடித்து முகத்தைத் தூக்கி, "என்னயவாடி?" என்று மறுபடி கேட்டார். ரமணி சிரித்தாள். நவமணி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போனார். கஞ்சி அடிப்பிடித்துவிட்டது.

மறுநாளும் போனேன். பெரட்டில் நவமணி எல்லார் பேரையும் கூப்பிட்டார், ரமணியின் பேரை மட்டும் கூப்பிடவில்லை. அடுத்தவன் குலையில் கை வைத்தவனுக்கு மறுநாள் பெரட்டில் பேர் இல்லை. அவர்கள் அப்பன் அம்மாவுக்கும் அதுதான் சட்டம், பிள்ளைகளுக்கும் தெரியும். ரமணி தானாக டின்னை அடித்தாள். பேர் வரவில்லை. மறுபடி அடித்தாள். கடைசியில் டின்னையே தூக்கி எறிந்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

"கண்டிப்பு அதிகமோ அண்ணே? புள்ள மொகத்தப் பாக்க முடியல" என்று நவமணி என்னிடம் மெதுவாகக் கேட்டார். நான் கருத்துச் சொல்லவில்லை. நீ சொல்ல வேண்டியது அது.

சேது

ரவாங்
29.3.1985

அன்புள்ள அண்ணனுக்கு,

ஈப்போவுக்கு இன்று காலை பதில் போட்டுவிட்டோம். எங்களுக்கு அந்த இடம் வேண்டாம், காத்திருக்கிற வேறு பிள்ளைக்குக் கொடுங்கள் என்று எழுதியிருக்கிறோம். எழுதியது இவர். நான் சொல்லி எழுதவில்லை.

எப்படி நடந்தது என்று உங்களுக்கு விவரம் வேண்டுமே. உங்கள் கடிதத்தை இவர் செவ்வாய்க்கிழமை படித்தார். மடித்து வைத்தார். புதன்கிழமை மறுபடி எடுத்துப் படித்தார். வியாழக்கிழமை காலை சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தவர் பாதியில் நின்று, "கால சொறிஞ்சாளாமே" என்றார். சிரிக்க ஆரம்பித்தார். கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்புறம் அந்தச் சிரிப்பு வேறு மாதிரி ஆகிவிட்டது. நான் பக்கத்தில் போகவில்லை. "எங்கப்பன் இப்பிடித்தான் கிராணியப் பாத்தா கால சொறிவாரு" என்று மட்டும் சொல்லிவிட்டு வேலைக்குப் போனார்.

பயம் போகவில்லை அண்ணே. அவள் நடப்பாளா, பேசுவாளா, ஆறு வயதானால் எந்தப் பள்ளிக்கூடம் சேர்த்துக்கொள்ளும், எதுவும் தெரியாது. 'நமக்கப்புறம் யாரு' என்ற கேள்வியும் அப்படியே இருக்கிறது. ஆனால் இத்தனை நாளும் அந்தக் கேள்வியைக் கேட்கும்போது ரமணி அறையில் இல்லாத மாதிரி பேசினோம். இனி அப்படிப் பேச முடியாது. அவள் கேட்டுக்கொண்டிருப்பாள்.

சித்திரை வருடப்பிறப்பன்று கொட்டகைப் பிள்ளைகளுக்குத் திடலில் விளையாட்டு என்று தங்கராஜு மண்டோர் இவரிடம் சொன்னாராம். நான் வரலாமா என்று அண்ணியிடம் கேட்டுச் சொல்லுங்கள். கால் வைக்க மாட்டேன் என்று கத்தியவள் நான். அவர் வேண்டாம் என்றால் வேலிக்கு வெளியே நின்று பார்க்கிறேன்.

பெரட்டில் பேர் கூப்பிடாதது அதிகமா என்று கேட்டாராம். இல்லை என்று சொல்லுங்கள். மறுபடி திருடினால் மறுபடி கூப்பிட வேண்டாம். என் பிள்ளைக்கு மட்டும் எதையும் குறைக்க வேண்டாம்.

திலகம்

கோலசிலாங்கூர்
9.4.1985, செவ்வாய்

அன்புள்ள திலகம்,

லீலாவதி நேற்று ரமணியோடு ஜோடியை முறித்துக்கொண்டாள். இதைச் சொன்னவர்கள் நவமணி, செல்லன், லீலாவதி ஆகிய மூவரும். இன்று காலை தனித்தனியாகக் கேட்டேன். சொன்னதில் முரண்பாடு இல்லை.

ரமணி நேற்றும் சோமுவின் பாயிலிருந்து குலை எடுத்திருக்கிறாள். நீ சொன்னபடியே நவமணி சட்டத்தைக் குறைக்கவில்லை, இன்று பேர் கூப்பிடவில்லை. நாளை முதல் ரமணி மறுபடி வரிசையில் இருப்பாள். அதில் சிக்கல் இல்லை. சிக்கல் வேறு. குலை திருடியதால் நேற்று ஜோடியின் கணக்கையே நவமணி அடித்துவிட்டார். லீலாவதி ஓடி ஓடிச் சேர்த்ததெல்லாம் போய்விட்டது. "திருடிகூட நான் சேர மாட்டேன்" என்று எழுந்து போய்விட்டாள். காட்டில் ஒரு ஜோடியில் தூக்குகிறவர் மாட்டேன் என்றால் மண்டோர்கூட வற்புறுத்த முடியாது. ஞாயிற்றுக்கிழமை விளையாட்டுக்கு மற்றப் பிள்ளைகள் எல்லாருக்கும் ஜோடி அமைந்துவிட்டது.

ரமணி இன்று முழுவதும் லீலாவதிக்குப் பின்னாலேயே தவழ்ந்துகொண்டிருந்தாள். நவமணி ஊட்ட வந்த பிஸ்கட்டை வாங்கி, தான் தின்னாமல் லீலாவதியிடம் நீட்டினாள். லீலாவதி வாங்கித் தின்றாள். தின்றுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சமாதானம் இல்லை.

நீ வருவதைப் பற்றிக் கேட்டேன். நவமணி அடுப்பைப் பார்த்தபடியே, "நான்கூட அன்னக்கி எந்திரிச்சேன் அண்ணே, யாரும் நம்பல" என்றார். நான் நம்புகிறேன் என்றேன். அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டு, "வரச் சொல்லுங்க. சனிக்கெழமையே வரட்டும், தம்பியும் வரட்டும், எங்க வீட்ல தங்கட்டும். ஆனா பெரட்டு நடக்குறப்ப ஓடிவந்து புள்ளயத் தூக்கக் கூடாது. சொல்லிட்டேன்" என்றார். நடையைப் பற்றி மிஸ்ஸி இப்போது எதையும் சொல்ல மறுக்கிறார். கிள்ளான் ஆஸ்பத்திரியில் ஜூன் மாதம் பார்ப்பதாக ஏற்பாடு.

கிளம்பும்போது லீலாவதியிடம் போய் உட்கார்ந்தேன். நீ வற்புறுத்த வேண்டாம் என்பாய், தெரியும். வற்புறுத்தவில்லை. கேட்க மட்டும் கேட்டேன்.

"ஞாயித்துக்கெழம ரமணிகூட சேருவியா?"

"அவ திருடுவா மாமா."

"நல்லா வெட்டுவாளே."

"நல்லாத்தான் வெட்டுவா," என்றாள். ரமணியைத் திரும்பிப் பார்த்தாள். "ஆனா திருடுவா."

"அப்ப மாட்டியா?"

"யோசிக்கணும்."

"எப்ப சொல்லுவ?"

"சனிக்கெழம. பால் குடிச்சிட்டு."

அதற்கு மேல் அவள் எதுவும் சொல்ல மறுத்துவிட்டாள். சனிக்கிழமை முதல் பஸ்ஸைப் பிடித்தால் நீயே நேரில் கேட்கலாம்.

சேது